விரல் இடுக்குச் சேற்றுப்புண்ணும் டீ ட்ரீ எண்ணெயும்

பாம்பன், மண்டபம் பக்கம் கடல்பாசி எடுப்பவர்களுக்கும் வலை இழுப்பவர்களுக்கும் நாளெல்லாம் கால் ஈரத்தில்தான். சுண்டுவிரல் இடுக்கில் தோல் வெளுத்து, ஊறி, உரிந்து அரித்தால் அது பெரும்பாலும் பூஞ்சை. நீலகிரித் தைலத்தை அப்படியே ஊற்றிவிடுகிறார்கள் சிலர். ஊறிய தோல் அதைத் தாங்காது, வெந்து புண்ணாகிவிடும்.

தைலங்களில் மனிதர்களிடம் ஒழுங்காகச் சோதித்துப் பார்த்தது டீ ட்ரீ எண்ணெயை (ஓர் ஆஸ்திரேலிய மரத்தின் இலையில் வடிப்பது, டீத்தூளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). 2002-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் 158 பேர், தினம் இருவேளை, 4 வாரம். 50 சதவீதக் கரைசல் பூசியவர்களில் 64 சதவீதம் பேருக்கும், 25 சதவீதக் கரைசலில் 55 சதவீதம் பேருக்கும், எண்ணெய் சேராத வெறும் கரைசல் பூசியவர்களில் 31 சதவீதம் பேருக்கும் பூஞ்சை போனது. எண்ணெய் பூசியவர்களில் 4 பேருக்குத் தோல் அழற்சியும் வந்தது.

இந்த அளவைக் கவனியுங்கள். 100 மி.லி. தேங்காய் எண்ணெயில் 5 சொட்டு விட்டால் கால் சதவீதம்தான் (20 சொட்டு ஒரு மி.லி.). வாசம் வரும், பூஞ்சை அசையாது. 25 சதவீதத்துக்கு 5 மி.லி. டீ ட்ரீ எண்ணெய், 15 மி.லி. தேங்காய் எண்ணெய், ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்துகொள்ளலாம். ஆனால் அந்த ஆய்வில் கலந்தது ஆல்கஹால் சேர்ந்த கரைசலில். கொழுப்பில் கலந்தால் மருந்துப்பொருள் அந்தக் கொழுப்பிலேயே தங்கப் பார்க்கும். அதே பலனை எதிர்பார்க்க முடியாது. அதற்காக ஸ்பிரிட்டில் கலந்து வெடித்த தோலில் விடவும் கூடாது. முன்கையின் உள்பக்கம் ஒரு சொட்டு தடவி 2 நாள் பாருங்கள். சிவந்தால் விட்டுவிடுங்கள்.

கரை ஏறியதும் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, ஒவ்வொரு இடுக்காகத் துணி விட்டுத் துடைத்து, கால் மணி நேரம் காற்றில் காயவிட்டு, பிறகு மெல்லிசாகத் தடவ வேண்டும். ஈரத்தின் மேல் எண்ணெய் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும். பலர் தவறுவது இங்கேதான். அரிப்பு நின்றாலும் 4 வாரம் விடக்கூடாது. 2 வாரத்தில் குறையவே இல்லையென்றால் பூஞ்சையைக் கொல்லும் டெர்பினாபின் 1 சதவீதக் களிம்புக்கு மாறுங்கள். உண்மையில் முதலிலேயே அதைப் போடுவதுதான் மேல். ஸ்டீராய்டு கலந்த களிம்பு மட்டும் வேண்டாம். இரண்டே நாளில் அரிப்பு அடங்கும், பூஞ்சை உள்ளுக்குள் பரவும்.

தேமலுக்கு எண்ணெய்க் கலவையே வேண்டாம். அந்தப் பூஞ்சை கொழுப்பைத் தின்று வளர்வது. தோலுக்குள் நுழையும் சிறு பூச்சியால் வரும் சொறிக்கு (ஸ்கேபிஸ்) அந்தப் பூச்சியைக் கொல்லும் பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பு: கழுத்துக்குக் கீழே உடம்பு முழுக்க, இரவு பூசிக் காலையில் குளிக்க வேண்டும், ஒரு வாரம் கழித்து மறுபடியும். வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் பூசாவிட்டால் திரும்ப வரும். கைக்குழந்தை, கர்ப்பிணி என்றால் மருத்துவரைக் கேட்டுத்தான். சர்க்கரை நோயாளிக்குக் கால் வீங்கிச் சூடாக இருந்தால் அன்றே ஆஸ்பத்திரி.

டீ ட்ரீ எண்ணெய் காற்றும் வெயிலும் பட்டால் கெட்டு, ஒவ்வாமையைக் கிளப்பும். பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலில், இறுக்கி மூடி, குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். எந்தத் தைலமானாலும் குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.