ஆல்மோஷ் இளவரசரும் மூன்று நிற நூல்களும்

ஹங்கேரிய இளவரசர் ஆல்மோஷின் வாழ்க்கையை, தக்கைப் பலகையில் ஒட்டிய வரைபடத்தின்மேல் குண்டூசியும் நூலும் கொண்டு பதியத் தொடங்கி ஆறு வாரங்கள் ஆகின்றன. அவர் ஆண்ட பகுதிகளுக்குச் சிவப்பு, தப்பியோடிய வழிகளுக்குக் கறுப்பு, 1107ஆம் ஆண்டின் எருசலேம் பயணத்துக்கு நீலம் என நூல் வாங்கினேன். சிவப்புதான் மிகுதியாகத் தேவைப்படும் என்று நம்பி அதை மட்டும் இரண்டு கண்டு வாங்கியது வீண்.

சித்தப்பாவான லாஸ்லோ மன்னர் 1091இல் இவருக்கு அளித்த குரோவேஷியாவுக்கும், பின்னர் அண்ணன் கால்மான் மன்னரானபோது இவர் பெற்ற, நாட்டின் மூன்றில் ஒரு பங்கான சிற்றரசுக்கும் சேர்த்து முழங்கை நீளச் சிவப்பு நூலே போதுமானதாக இருந்தது. 1098இல் திசா ஆற்றங்கரையில் இரு சகோதரர்களின் படைகளும் எதிரெதிரே நின்றபோது, உங்கள் சண்டைக்கு நாங்கள் ஏன் சாக வேண்டும் என்று பிரபுக்கள் போரிட மறுத்துவிட்டனர்; அவ்விடத்தில் ஒரு முடிச்சு மட்டும் போட்டேன்.

அதன்பின் எல்லாம் கறுப்புதான். போலந்து, ஜெர்மனி என்று ஓடி, உதவி தேடி, மன்னிப்புப் பெற்றுத் திரும்பி, மீண்டும் சதிசெய்த அந்த வழிகளைக் கட்டி முடித்தபோது, ஆல்மோஷுக்காக இரங்கியே தொடங்கிய எனக்குக் கால்மானின் பொறுமைமீது சற்று மதிப்பு வந்தது. ஆயினும் 1115 வாக்கில் தம்பியோடு, சிறுவனான அவர் மகன் பேலாவின் கண்களையும் கால்மான் பறித்ததற்கு எந்தச் சமாதானமும் கூற முடியாது.

மிகவும் தொல்லை கொடுத்தது டான்யூப் கரையிலுள்ள தொமொஷ். ஆல்மோஷே நிறுவிய மடம் அது. பார்வை இழந்தபின் அவர் அடைக்கலமாக இருந்ததும் அங்குதான். நூல்கள் அடுத்தடுத்து அங்கே வந்து சேர்ந்ததால் ஊசித்துளை அகன்று, ஊசி ஆடத் தொடங்கியது. முனை சீவிய தீக்குச்சியைப் பசை தடவிச் செருகி, அதன்மேல் ஊசியை ஊன்றிய பிறகே நின்றது.

சென்ற வாரம் பைசாந்தியப் பேரரசுக்குச் செல்லும் கடைசிக் கறுப்பு நூலைக் கட்டினேன். அங்கே பேரரசியாக இருந்த இரினி, லாஸ்லோவின் மகள்; அதாவது ஆல்மோஷின் சித்தப்பா மகள். அங்கேயே இறந்த ஆல்மோஷின் உடலை, அரியணை ஏறிய பார்வையற்ற பேலா 1137இல் ஹங்கேரியின் செகெஷ்பெஹெர்வார் நகருக்குக் கொண்டுவரச் செய்தார். இந்தத் திரும்பும் வழிக்கு என்ன நிறம் என்று முடிவுசெய்ய இரண்டு நாட்கள் ஆயின. மீந்திருந்த சிவப்பையே கட்டிவிட்டேன்.