சுங்கை சிப்புட்டில் ஒரு மிதமான சுருட்டு

மலேசியாவில் ஈப்போவுக்கு வடக்கே இருக்கும் சுங்கை சிப்புட்டுக்கு நல்ல சுருட்டு கொண்டுபோய்ச் சட்டைப் பையில் போட்டு வைப்பது காசைக் கரியாக்குகிற வேலை. தோட்டப்புறத்தில் இரவு ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும்; சுருட்டுக்கு வேண்டியது 65 முதல் 70. ஈரம் குடித்த சுருட்டு ஊதிக்கொள்ளும், இழுத்தால் புகை வராது, ஒரு பக்கமாக எரியும், சூட்டில் மேல் இலை வெடிக்கும். ஒன்றின் விலையில் பல வேளை வாழையிலைச் சாப்பாடு முடிந்துவிடும் ஊரில் இந்த நட்டம் வேண்டாம். ஜிப் பையில், ஈரத்தை 65 விழுக்காட்டில் நிறுத்திவைக்கும் ஈரப்பதப் பொட்டலம் ஒன்று போதும். சுருட்டு ஏற்கெனவே உப்பியிருந்தால் ஏர்கான் அறையில் ஓரிரவு திறந்து வையுங்கள்.

ஈப்போவுக்கு வடக்கே எல்லா ஈடிஎஸ் மின்சார ரயிலும் இங்கே நிற்பதில்லை, பார்த்துச் சீட்டு எடுங்கள். டாக்சி என்றால் ஏறுமுன்பே எத்தனை வெள்ளி (ரிங்கிட்) என்று பேசிவிடுங்கள். வெயிலில் நிற்கும் காரில் மட்டும் பையை விடாதீர்கள். சூடு 25 டிகிரிக்கு மேலேயே நின்றால் இலைக்குள் இருக்கும் வண்டு முட்டை பொரிந்துவிடும். குண்டூசித் துளை ஒன்று தெரிந்தாலும் அந்தச் சுருட்டு போச்சு.

வாங்குவதாக இருந்தால் ரொபஸ்டோ என்ற அளவு: 5 அங்குல நீளம், 50 ரிங், அதாவது 50/64 அங்குலக் கனம். உள்ளே பெரும்பாலும் செக்கோ என்ற மிதமான இலை, காரத்துக்குக் கொஞ்சமாக லிகேரோ என்ற கடுமையான இலை. மேலே எக்குவடோரில் விளைந்த கனெக்டிகட் ரக இலை இருந்தால் இன்னும் நல்லது. அங்கே மேகமே பந்தல் போட்டு இலையை மென்மையாக வளர்க்கிறது.

தலைப்பக்கம் 2 மில்லிமீட்டர் வெட்டினால் போதும், கூடினால் மேல் இலை பிரியும். நெருப்பு நுனியில் படாமல் சுற்றிச் சுற்றிக் காட்டி, விளிம்பு முழுக்கக் கருத்த பிறகு இழுங்கள். நிமிடத்துக்கு ஒரு முறைதான். அவசரப்பட்டால் கசப்புத்தான் மிஞ்சும். புகையை விழுங்கக்கூடாது, விழுங்காவிட்டாலும் வாய்க்குக் கேடுதான். முதலில் வறுத்த நிலக்கடலையும் தேவதாரு மர வாசமும் வரும். நடுவில் கொக்கோ, புதுத்தோல் வாசம். இந்த நடுப்பகுதிதான் கொடுத்த காசுக்கு நியாயம் செய்யும் இடம், என்ன மென்மை! கடைசியில் மிளகு, சூடேறினால் வைத்துவிடுங்கள்.

துணைக்கு கோப்பி ஓ என்ற பாலில்லாத கறுப்புக் கோப்பி வேண்டாம். சர்க்கரை சேர்த்துக் கருக வறுத்த கொட்டை அது, சுருட்டின் ருசியை அமுக்கிவிடும். மார்ஜரினில் வறுத்த ஈப்போ வெள்ளைக் கோப்பிதான் பொருத்தம். அதையும் பொங்குஸ், அதாவது பொட்டலமாக, கட்டி வெளியே எடுத்துக்கொள்ளுங்கள்: 2019 ஜனவரி 1 முதல் சாப்பாட்டுக் கடைகளில் புகைக்கத் தடை, வெளியே போட்ட மேசைக்கும் சேர்த்து.