894.811

நூலக அடுக்கில் தமிழ் இலக்கியத்தின் எண் 894.811. டூயி பகுப்பு முறையில் ஆங்கில இலக்கியத்துக்கு 820, பிரெஞ்சு இலக்கியத்துக்கு 840 என்று தனி எண்கள் இருக்க, எஞ்சிய உலக இலக்கியங்கள் பெரும்பாலும் 890 என்னும் ஒரே கூரையின்கீழ் குடியேற்றப்பட்டிருக்கின்றன. துருக்கியும் பின்னிய மொழியும் அங்கே தமிழுக்கு அண்டை வீட்டார். மெலிந்த கவிதைத் தொகுப்பின் முதுகில் இவ்வளவு நீண்ட எண்ணை ஒட்டும்போது ஒட்டுத்தாள் முதுகைவிட அகலமாகிவிடும். ஓரத்தை அட்டையின்மேல் மடித்துத்தான் ஒட்ட வேண்டும்.

2018 செப்டம்பரில் அமெரிக்காவின் அல்புகர்க்கி நகரில், கறுப்பினத்தவர், பூர்வகுடியினர், ஆசிய பசிபிக் வழியினர், சீன வழியினர், ஸ்பானிய மொழியினர் ஆகியோருக்கான ஐந்து நூலகர் சங்கங்கள் கூட்டாக நடத்திய மாநாட்டுக்குச் சிங்கப்பூர் நூலகரான நான் புறப்பட்டபோது, பணி ஓய்வு பெற்ற மூத்த தமிழ் நூலகர் ஒருவர், “நமக்கு அங்க என்னம்மா வேலை? தமிழ் இங்க ஆட்சிமொழி. அவங்க கதை வேற” என்றார். மறுக்க முடியவில்லை. சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்றான தமிழில் நூல் வாங்குவதற்கு நான் யாரிடமும் கெஞ்சியதில்லை. ஆனால் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோரின் விகிதம் 2010இல் 3.3 விழுக்காடாக இருந்ததும், தமிழ் நூல்களுக்குப் பொறுப்பானவள் என்பதற்காகவே இந்திய முகத்துடன் வரும் எவரும் என் மேசைக்கு அனுப்பப்பட்டதும் அதே ஊரில்தான். அந்த மூத்த நூலகரிடம் இதைச் சொல்லவில்லை.

மாநாட்டில் முதல் நாளே தோள்கள் இலேசானதை உணர்ந்தேன். என் பெயரைச் சுருக்கலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை. மதிய உணவின்போது என் அருகில் அமர்ந்த நவஹோ என்னும் பூர்வகுடி இனத்து நூலகர், குளிர்காலத்தில் மட்டுமே சொல்ல வேண்டிய கதைகள் தங்களிடம் உண்டு என்றும், அவற்றை அச்சிட்ட நூல்களை ஆண்டு முழுவதும் திறந்த அடுக்கில் வைக்கலாமா என்பது தமக்கு இன்னும் தீராத கேள்வி என்றும் சொன்னார். பதினெட்டு ஆண்டுப் பணியில் ஒரு நூலுக்குப் பருவம் இருக்கக்கூடும் என்று நான் எண்ணியதே இல்லை. அந்த ஒரு மணி நேரத்துக்காகவே பயணச் செலவு தகும்.

அடுத்து என் முறை வந்தது. அடுக்கு எண், ஒட்டுத்தாள், என் மேசைக்கு வரும் இந்திய முகங்கள் எல்லாவற்றையும் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள், தலையசைத்தார்கள். மறுநாள் வேறொரு மேசையில் அதையே சொன்னபோது கதை இன்னும் மெருகேறியிருந்தது. தாய்மொழியைப் பேசியதற்காகப் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிகளில் தண்டிக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு நடுவே, அரசு செலவில் தமிழ் நூல் வாங்கும் நான் என் குறையைச் செதுக்கிச் செதுக்கி நீட்டிக்கொண்டிருந்தது எனக்கே கூச்சமாக இருந்தது. 890இல் சேர்ந்திருப்பதனால் எல்லோரும் ஒரே மொழி பேசுவதாக ஆகிவிடாதே. என் கதையைக் கேட்க வேண்டிய சக ஊழியரோ சிங்கப்பூரில், என் பக்கத்துச் சேவை முகப்பில் இருந்தார். அவர் நல்லவர், தீபாவளிக்கு முறுக்கு வாங்கி வருபவர்.

பணிக்குத் திரும்பிய முதல் நாள் காலையில் அவர் ஓர் இந்தியப் பெரியவரை என்னிடம் அழைத்துவந்து, “உங்கள் ஆள்” என்று புன்னகைத்துவிட்டுப் போனார். பெரியவர் கேட்டது நகலெடுக்கும் இயந்திரம் எங்கே இருக்கிறது என்பது. அதையும் நல்ல ஆங்கிலத்தில் கேட்டார். அவரை அங்கே விட்டுவிட்டு, அல்புகர்க்கியில் இரண்டு முறை சொன்னதை மூன்றாம் முறையாகச் சொல்லிவிடுவது என்று முகப்புக்குத் திரும்பினேன். அங்கே ஒன்பது பேர் வரிசையில் நின்றார்கள். அவர் எனக்காக அடுத்த நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்கார்ந்து, முதல் நூலை வாங்கிப் பதிந்தேன்.