மாம்பூவும் காராமணியும்

பொங்கல் விடுமுறைக்கு என் அக்கா மகள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சந்தூர் அருகே உள்ள எங்கள் மாந்தோப்புக்கு வந்திருந்தாள். பத்தாம் வகுப்பு படிக்கிறாள். தாவர இனப்பெருக்கத்தைப் படம் வரைந்து பொறுமையாக நடத்திய ஆசிரியர், மனித இனப்பெருக்கம் வந்ததும் "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டாராம். எனக்கு மிகுந்த வருத்தமாக இருந்தது. இரண்டையும் ஒரே மூச்சில் நானே சொல்லிக்கொடுப்பது என்று முடிவு செய்தேன்.

தை மாதத்தில் எங்கள் பெங்களூரா ரக மாமரங்கள் பூத்து நிற்கும். ஒரு பூங்கொத்தை உள்ளங்கையில் வைத்து இரண்டு பூக்களை மட்டும் கிள்ளிக் காட்டினேன். இரண்டிலும் ஐந்து சிறிய இதழ்கள், இளஞ்சிவப்புத் தலையுடன் ஒரே ஒரு வளமான மகரந்தத்தாள். ஆனால் ஒன்றின் நடுவில் மட்டும் கடுகைவிடச் சிறிய, பச்சையும் மஞ்சளும் கலந்த மணி ஒன்று இருந்தது. அதுதான் சூற்பை, அது உள்ள பூ இருபால் பூ, இல்லாதது ஆண் பூ. ஒரு கொத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூக்கள் இருந்தாலும், ஆண் பூக்கள் கொட்டியது போக, இருபால் பூக்களிலும் மிகச் சிலவே காயாகின்றன. மகரந்தத்தைக் கொண்டு சேர்ப்பவை பெரும்பாலும் ஈக்களும் தேனீக்களும்தான். பூ முழுவதும் விரிந்திருக்கும் நாட்களில் மருந்து அடிப்பவர்கள் தங்கள் விளைச்சலைத் தாங்களே அழித்துக்கொள்கிறார்கள் என்பதை எங்கள் ஊரில் இன்னும் பலர் உணரவில்லை.

சூற்பைக்கு மேலே நீளும் சூல்தண்டின் நுனிதான் சூல்முடி. அதில் ஒட்டிய மகரந்தத்தூள் முளைத்து, ஒரு நுண்ணிய குழாயாகச் சூல்தண்டின் வழியே கீழிறங்கி, இரண்டு ஆண் அணுக்களைச் சூலுக்குள் சேர்க்கிறது. ஒன்று அண்டத்துடன் இணைந்து கருவாகிறது. மற்றொன்று வேறு உட்கருக்களுடன் சேர்ந்து அந்தக் கருவுக்கு உணவாகும் முளைசூழ்தசையை உண்டாக்குகிறது. ரஷ்யத் தாவரவியலாளர் நவாஷின் 1898இல் கண்டறிந்த இந்த இரட்டைக் கருவுறுதலை நான் விளக்கியபோது, அவள் தலையசைத்தாளே தவிர, முகத்தில் தெளிவு இல்லை. "நேற்று ராத்திரி சாப்பிட்ட ராகிக் களி இருக்கிறதே, அந்த மாவில் பெரும்பகுதி, ராகிச் செடி தன் குழந்தைக்குச் சேர்த்து வைத்த சோறுதான்" என்றேன். அதன் பிறகு மறக்கமாட்டாள்.

மனிதரில் இந்த இரண்டாவது இணைவு கிடையாது. மாதவிடாய்ச் சுழற்சியின் நடுவில் சூலகத்திலிருந்து வெளிவரும் அண்டம் ஏறத்தாழ ஒரு நாள்தான் உயிரோடு இருக்கும். கோடிக்கணக்கான விந்தணுக்களில் ஒன்று அண்டக்குழாயில் அதனுடன் இணைகிறது. கருப்பையில் பதிந்த கரு, நஞ்சுக்கொடி வழியே தாயிடமிருந்து உணவு பெற்று வளர்கிறது. இதையெல்லாம் மாம்பூவைச் சொன்ன அதே குரலில் சொன்னேன். அவளும் கூச்சமின்றிக் கேட்டாள்.

பிறகுதான் அவள் உண்மையான கேள்வியைக் கேட்டாள். "சித்தி, மூணும் பொண்ணாப் பொறந்ததுக்கு அம்மாதான் காரணமா? ஆயா எப்பவும் அப்படித்தான் சொல்லுது."

2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், கிருஷ்ணகிரியும் சேர்ந்திருந்த அன்றைய தருமபுரி மாவட்டத்தில், ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகளே இருந்தார்கள். இந்த மண்ணில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் பக்கத்தைப் புரட்டுவது பெருந்தவறு என்று நான் நினைக்கிறேன்.

அன்று மாலை அக்கா வீட்டுத் திண்ணையில் ஆயாவின் முன் இரண்டு சொம்புகளை வைத்தோம். தாயின் சொம்பில் வெள்ளைக் காராமணி மட்டும். ஏனெனில், குழந்தை ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கும் எக்ஸ், ஒய் குரோமோசோம்களில், அண்டம் ஒவ்வொன்றிலும் எக்ஸ்தான் உண்டு. தந்தையின் சொம்பில் வெள்ளையும் சிவப்பும் பாதிப் பாதி; விந்தணு எக்ஸையும் சுமக்கலாம், ஒய்யையும் சுமக்கலாம். இரண்டு வெள்ளை வந்தால் பெண், சிவப்பு கலந்தால் ஆண் என்று பேத்தி சொல்லிக்கொடுக்க, ஆயா பார்க்காமல் சொம்புக்கு ஒன்றாக எடுத்தார். முதல் மூன்று முறையும் வெள்ளையே வந்தது. நான்காவது முறை சிவப்பு.

"அப்ப எம்மவன் சொம்புலதான் ரெண்டும் இருக்குதா?" என்றார். ஆமாம், ஆனால் எது வரும் என்பது உங்கள் மகன் கையிலும் இல்லை என்றேன். ஆயா எதுவும் பேசவில்லை. எடுத்த காராமணிகளை அந்தந்தச் சொம்பிலேயே திரும்பப் போட்டுக் குலுக்கிவிட்டு, உள்ளே இருந்த என் அக்காவை "நீயும் வந்து எடும்மா" என்று கூப்பிட்டார்.