நாடி ஏன் ஓடவில்லை?

அவசர சிகிச்சைப் பிரிவில் நான் பார்த்த இரவுப்பணிகளில் ஒரு பெரியவரின் மணிக்கட்டு இன்னும் நினைவில் நிற்கிறது. கை சில்லிட்டு வியர்த்திருந்தது. கேட்ட கேள்விக்குப் பதில் வரத் தாமதமாயிற்று. இரத்த அழுத்தம் 80/50. இந்த நிலையில் எவருக்கும் நாடி படபடவென்று ஓட வேண்டும். அவருக்கோ ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில், இனி வராதோ என்று நான் ஐயுறும் அளவுக்கு இடைவெளி இருந்தது. எண்ணிப் பார்த்தேன்: நிமிடத்துக்கு 34.

"ரெண்டு நாளா வயித்தால போகுதுங்க டாக்டர். தெம்பா இருக்கட்டும்னு இளநீர்தான் குடுத்தேன்" என்றார் அவர் மனைவி. மஞ்சள் பையிலிருந்து அவர் எடுத்த மாத்திரை அட்டைகளில், நாடியின் வேகத்தைத் தணிக்கும் இரத்த அழுத்த மருந்தான அட்டெனலால் இருந்தது. பெரியவரோ, சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியாட்டினின் ஏற்கெனவே 3ஐத் தாண்டிய சிறுநீரக நோயாளி.

அட்டெனலால் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறும் மருந்து. வயிற்றுப்போக்கால் நீர் வற்றிச் சிறுநீரகம் மேலும் தளர்ந்தபோது மருந்தும், சிறுநீரகமே வெளியேற்ற வேண்டிய பொட்டாசியமும் ஒருசேர இரத்தத்தில் தேங்கி, இரண்டும் சேர்ந்து இதயத்தின் வேகத்தைப் பிடித்து இழுத்தன. துடிப்பு குறையவே சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் குறைந்தது, அதனால் இரண்டும் இன்னும் தேங்கின. இந்தச் சுழலுக்கு அமெரிக்க மருத்துவர் ஜோஷ் ஃபார்கஸ் 2016இல், அதன் ஐந்து கூறுகளின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'பிராஷ்' (BRASH) என்று பெயரிட்டார். மெட்டோபுரோலால், வெரப்பமில், டில்டியாசெம் போன்று நாடியைத் தளர்த்தும் பிற மருந்துகளை உட்கொள்வோருக்கும் இது நேரலாம்.

இளைய மருத்துவர்கள் இடறுவது பொட்டாசியத்தின் அளவில்தான். அவருக்கு அது 6.2, இயல்பு 3.5 முதல் 5 வரை. ஈசிஜியில், பொட்டாசியம் மிகுந்தால் தெரியும் என்று பாடநூல் காட்டும் கூரான டி அலைகள் இல்லை. 'இவ்வளவுக்கு இதயம் இப்படித் தளராதே' என்று அதை ஒதுக்கிவிடுவது எளிது. மருந்தும் உடன் சேர்ந்திருக்கிறது என்பதை மறந்தால் அப்படித்தான் தோன்றும். நாடியை ஏற்றும் மருந்தான அட்ரோபின் கொடுத்தும் அது அசையவில்லை. நரம்பு வழியே கால்சியம் குளுக்கோனேட், பொட்டாசியத்தைக் குறைக்கக் குளுக்கோஸுடன் இன்சுலின், இதயத்தைத் தூண்ட அட்ரினலின் சொட்டு என்று கொடுத்த பிறகே நாடி மெல்ல ஏறியது. கால்சியம் பொட்டாசியத்தைக் குறைக்காது. மற்றவை வேலை செய்யும்வரை இதயத்தைக் காத்து நிற்கும். சிறுநீர் பிரியாவிட்டால் டயாலிசிஸ்தான் வழி.

வீட்டிலிருப்போர் கவனிக்க வேண்டியதும் இதுவே: சிறுநீரக நோயாளிக்கு நாடி 50க்குக் கீழே இறங்கி, அத்துடன் தலைசுற்றலோ, குளிர்ந்த வியர்வையோ, பேச்சில் குழப்பமோ இருந்தால், விடியட்டும் என்று காத்திராமல் மாத்திரை அட்டைகளோடு மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும். மாத்திரைகளைத் தாமாகவே நிறுத்துவதும் ஆபத்து. சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதிலும் பொட்டாசியம் உண்டு. பொட்டாசியம் நிறைந்த இளநீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மறுநாள் காலை அந்த அம்மாவிடம், வீட்டில் பிரஷர் பார்க்கும் கருவி இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது, முதல் நாள் மாலையே பார்த்திருக்கிறார். மேலே 100, நடுவில் 60, கீழே நாடி 41. "மேல ரெண்டையுந்தான் டாக்டருங்க கேப்பாங்க. கீழ இருக்கிறது எதுக்குன்னு யாரும் சொல்லலீங்களே" என்றார்.