ஏ.ஆர்-15: முழுதாக வாங்குவதா, பாகம் பாகமாகச் சேர்ப்பதா?

டெக்சாஸில் கிரீன் கார்டு வந்து, வீடும் வாங்கியபின், பாதுகாப்புக்கு ஒரு செமி ஆட்டோமேட்டிக் ரைபிள் வைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கும் நம்மவர்கள் பெரும்பாலும் ஏ.ஆர்-15 பக்கம்தான் வந்து நிற்கிறார்கள். அடுத்த கேள்வி உடனே வரும்: கடையில் முழுதாக வாங்குவதா, பாகங்களை வாங்கி வீட்டிலேயே சேர்ப்பதா? என் பதில் இது. வீட்டுப் பாதுகாப்புக்கான முதல் துப்பாக்கி என்றால் முழுதாகவே வாங்குங்கள். சேர்ப்பது நல்ல கைவேலை, நிறையக் கற்றுத்தரும். ஆனால் அதை இரண்டாவது துப்பாக்கியில் கற்றுக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் விசா விஷயம். எச்1பி, எச்4, எஃப்1, எல்1 போன்ற விசாக்களில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் டெக்சாஸ் வேட்டை உரிமம் ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு முடிந்துவிடும். செப்டம்பர் 1 அன்று புதுப்பித்த உரிமம் கையில் இல்லையென்றால், அலமாரியில் சும்மா கிடக்கும் துப்பாக்கியே வழக்காகும். துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் கிரீன் கார்டு வைத்திருப்பவரைக்கூட நாடு கடத்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதனால் விசாவில் இருப்பவர்களுக்கு என் யோசனை: கிரீன் கார்டு வரும்வரை பொறுங்கள்.

இன்னொரு சிக்கலைப் பலர் கவனிப்பதில்லை. கணவருக்கு கிரீன் கார்டு இருக்கும், மனைவியோ வீட்டில் தங்கியிருக்கும் உறவினரோ விசாவில் இருப்பார். அவர் கைக்குத் துப்பாக்கி எட்டும்படி இருந்தால், அவரும் அதை 'வைத்திருப்பதாக' எடுத்துக்கொள்ள முடியும். பெட்டகத்தின் எண் தகுதியுள்ளவருக்கு மட்டுமே தெரிந்திருக்க வேண்டும். தகுதியில்லாதவருக்காக இன்னொருவர் தன் பெயரில் வாங்கிக்கொடுப்பதும் கூட்டாட்சிச் சட்டப்படி கடுங்குற்றம்.

இனி வாங்குவதும் சேர்ப்பதும். ஏ.ஆர்-15-இல் சட்டத்தின் கண்ணுக்குத் 'துப்பாக்கி' என்பது ட்ரிகர் பொருந்தும் கீழ்ப்பகுதியான லோயர் ரிசீவர் மட்டுமே. வரிசை எண் அதில்தான் பொறித்திருக்கும். பேரல் (குழல்), போல்ட் (தோட்டாவைத் தள்ளி அடைக்கும் பாகம்), ஸ்டாக் (தோளில் பதிக்கும் கட்டை) எல்லாம் வெறும் பாகங்கள். வீட்டு வாசலுக்கே கூரியரில் வந்துவிடும். எனவே சேர்ப்பவரும் லோயருக்காக உரிமம் பெற்ற கடைக்குப் போய், அதே படிவத்தை நிரப்பி, அதே பின்னணிச் சரிபார்ப்பைத் தாண்டித்தான் ஆக வேண்டும். ஒரு வேறுபாடு உண்டு: முழு ரைபிளை, இரு மாநிலச் சட்டங்களும் அனுமதித்தால், வெளிமாநிலக் கடையிலும் வாங்கலாம். தனி லோயரைச் சொந்த மாநிலத்தில் மட்டுமே வாங்க முடியும்.

வரிசை எண் இல்லாத அரைகுறை லோயரை வாங்கித் துளையிட்டு முடிக்கும் வழியைத் தொடவே தொடாதீர்கள். இத்தகைய கிட்களையும் துப்பாக்கியாகக் கருதும் 2022 விதியை உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதிசெய்தது. பல மாநிலங்களில் எண் இல்லாத துப்பாக்கியை வைத்திருப்பதே குற்றம். திருடுபோனால் போலீஸுக்குச் சொல்ல எண்ணும் இருக்காது.

'சேர்த்தால் மலிவு' என்ற கணக்கைப் பார்ப்போம். வெறும் லோயர் சுமார் 50 முதல் 100 டாலர். அதன் உள்பாகங்களும் ஸ்டாக்கும் சேர்ந்து இன்னொரு 120 முதல் 180. தரமான பேரலும் போல்ட்டும் கொண்ட அப்பர் என்னும் மேல்பகுதி 350 முதல் 600. ஆக 520-இலிருந்து 880 வரை. கடையில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் எம்&பி15 ஸ்போர்ட், ரூகரின் ஏ.ஆர்-556 போன்றவை 600 முதல் 900 டாலருக்குள் முழுதாகக் கிடைக்கின்றன. சேர்ப்பவர் கருவிகளையும் வாங்க வேண்டும்: வைஸ் பிளாக், டார்க் ரெஞ்ச், பன்ச் செட், போல்ட் பூட்டும் இடைவெளியை அளக்கும் ஹெட்ஸ்பேஸ் கேஜ் என்று 150 டாலருக்குக் குறையாது. பல கடைகளிலிருந்து பாகம் வரவழைத்தால் அஞ்சல் செலவு தனி. ஒரே ஒரு துப்பாக்கிக்கு இந்தக் கணக்கு கட்டுபடியாகாது. விற்கும்போதும் கம்பெனி பெயர் உள்ள துப்பாக்கிக்குத்தான் நல்ல விலை. விற்கும் நோக்கத்தோடு சேர்த்தால் உற்பத்தியாளர் உரிமமே தேவைப்படும்.

பணத்தைவிட எனக்குப் பெரிதாகப்படுவது நம்பகம். வீட்டில் சேர்த்தவை எங்கே சறுக்குகின்றன என்று பார்த்தால் அதே சில இடங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். முதலாவது கேஸ் பிளாக், அதாவது சுடும்போது வரும் வாயுவைப் போல்ட்டைப் பின்தள்ளத் திருப்பிவிடும் பாகம். பேரலில் உள்ள சிறு துளையும் பிளாக்கின் துளையும் ஒரு நேராக அமையாமல் கொஞ்சம் விலகினாலும் வாயு குறைந்துவிடும். போல்ட் முழுதாகப் பின்வாங்காது, காலித் தோட்டா பாதியில் மாட்டிக்கொள்ளும். இதில் வேதனை என்னவென்றால், ரேஞ்சில் (சுடும் பயிற்சிக் களத்தில்) முதல் ஐம்பது தோட்டா ஒழுங்காகப் போகும். குளிரில், எண்ணெய் காய்ந்தபின், பலவீனமான தோட்டாவோடுதான் குறை வெளியே வரும். இரண்டாவது, போல்ட்டைத் தாங்கும் கேரியர் மேலிருந்து அந்த வாயுவை உள்ளே வாங்கும் கேஸ் கீயின் இரண்டு ஸ்க்ரூ. அவற்றைச் சுற்றியுள்ள உலோகத்தை உளியால் அடித்து ஸ்க்ரூவின்மேல் அழுத்தியிருக்க வேண்டும். அப்படிச் செய்யாதவை சூட்டிலும் அதிர்விலும் தளர்ந்து வாயுவைக் கசியவிடும். ஸ்டாக் குழாயைப் பிடித்திருக்கும் காஸில் நட்டுக்கும் இதே கதைதான். மூன்றாவது, ஒரு கம்பெனியின் போல்ட்டும் இன்னொரு கம்பெனியின் பேரலும். பெரும்பாலும் பொருந்தும், கேஜ் வைத்து அளக்காமல் 'பொருந்தும்' என்று நம்புவது ஆபத்து. ஹெட்ஸ்பேஸ் அளவு மீறினால் தோட்டாக் கூடு வெடித்துக் கிழியலாம்.

பழுது வந்தால் பொறுப்பு யாருடையது என்பதும் முக்கியம். முழுதாக வாங்கியதைக் கம்பெனிக்கு அனுப்பினால் சரிசெய்து தருவார்கள். ஐந்து கடைப் பாகங்களைச் சேர்த்ததில், பேரல் விற்றவர் போல்ட்டைக் காட்டுவார், போல்ட் விற்றவர் பேரலைக் காட்டுவார்.

சேர்ப்பவர்கள் அறியாமல் மிதிக்கும் கண்ணி ஒன்று உண்டு. ரைபிளின் பேரல் 16 அங்குலத்துக்கும், மொத்த நீளம் 26 அங்குலத்துக்கும் குறையக் கூடாது. பிஸ்டலுக்கென்று விற்கும் 10.5 அங்குல அப்பரைத் தள்ளுபடியில் வாங்கி, ஸ்டாக் மாட்டிய லோயரில் இரண்டு பின்னைச் செருகினால் போதும். பதிவு செய்யாத குட்டைக் குழல் ரைபிள் ஆகிவிடும். 10 ஆண்டு வரை சிறை. பொருத்துவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அப்படியும் கொஞ்சம் கைவேலை வேண்டும் என்றால், கம்பெனியே முடித்துச் சோதித்த முழு அப்பரையும் முழு லோயரையும் வாங்கி இணைப்பது நடுவழி. ஆபத்தான வேலைகள் எல்லாம் தொழிற்சாலையிலேயே முடிந்திருக்கும்.

வாங்கும்போது எதைப் பார்ப்பது? 16 அங்குலப் பேரல், மிட்-லெங்த் (நடுத்தர நீள வாயுக்குழாய் உள்ள) கேஸ் அமைப்பு கிடைத்தால் எடுங்கள். குட்டையான கார்பைன் நீளத்தைவிட உதை மென்மை, பாகங்களுக்கும் தேய்மானம் குறைவு. பேரல்மேல் '5.56 நேட்டோ' என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். 5.56 சேம்பரில் (தோட்டா உட்காரும் அறையில்) .223 ரெமிங்டன் தோட்டாவைப் போடலாம்; .223 என்று மட்டும் பொறித்ததில் 5.56 போட்டால் அழுத்தம் கூடும். குழலின் உள்வரி முறுக்கு 1:7 அல்லது 1:8 (7 அல்லது 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று) என்றால் 55 முதல் 77 கிரெய்ன் எடை வரையுள்ள குண்டுகள் எல்லாம் நன்றாகப் போகும். கேஸ் கீயிலும் காஸில் நட்டிலும் அந்த உளித்தடம் இருக்கிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். கடைக்காரரிடம் கேட்டால் திறந்து காட்டுவார். பளபளப்பான ட்ரிகருக்கும் விதவிதமான கைப்பிடிக்கும் கூடுதல் பணம் தரவேண்டாம்.

இணையத்தில் வாங்கினாலும் துப்பாக்கி உள்ளூர் உரிமக் கடைக்குத்தான் வரும். கைமாற்றுக் கட்டணம் பொதுவாக 25 முதல் 50 டாலர். அங்கே நிரப்புவது 4473 படிவம். நம் ஆட்கள் தடுக்கி விழும் இடம் பெயர்ப் பகுதிதான். ஓட்டுநர் உரிமத்தில் அப்பா பெயர் கடைசிப் பெயராக இருக்கும், கிரீன் கார்டில் முதல் பெயராக இருக்கும், இன்னொன்றில் வெறும் இனிஷியல். இப்படி மாறி மாறி இருந்தால் சரிபார்ப்பு இழுக்கும். முதலில் எல்லா ஆவணத்திலும் பெயரை ஒன்றாக்குங்கள். நடுப்பெயர் இல்லையென்றால் அந்தக் கட்டத்தில் 'என்.எம்.என்.' என்றும், வெறும் எழுத்து மட்டும் என்றால் அதன்பின் 'ஐ.ஓ.' என்றும் ஆங்கில எழுத்துகளில் போட வேண்டும். முகவரி இப்போது குடியிருக்கும் வீடாக இருக்க வேண்டும்; அஞ்சல் பெட்டி எண் செல்லாது. வீடு மாறி உரிமத்தில் பழைய முகவரி இருந்தால், புது முகவரியுள்ள வாகனப் பதிவு போன்ற அரசு ஆவணம் ஒன்றையும் கொண்டுபோங்கள். சமூகப் பாதுகாப்பு எண் கட்டாயமில்லை. ஆனால் ஒரே மாதிரிப் பெயர்கள் நிறைய உள்ள நமக்கு அதைக் கொடுப்பது நல்லது. கிரீன் கார்டு எண்ணும் கேட்பார்கள். கஞ்சா பற்றிய கேள்வியில், மாநிலம் அனுமதித்தாலும் கூட்டாட்சிச் சட்டம் அனுமதிக்கவில்லை என்ற எச்சரிக்கை படிவத்திலேயே அச்சாகியிருக்கிறது. பொய்யாக நிரப்பினால் அதுவே தனிக்குற்றம்.

கடைக்காரர் எஃப்.பி.ஐ.யின் சரிபார்ப்பு அமைப்பைத் தொடர்புகொள்வார். 'தொடரலாம்', 'தாமதம்', 'மறுப்பு' என்ற மூன்றில் ஒன்று வரும். தாமதம் என்றால் பதற வேண்டாம். மூன்று வேலைநாள் கழித்தும் பதில் வராவிட்டால் துப்பாக்கியைக் கொடுக்கச் சட்டம் அனுமதிக்கிறது. கொடுப்பதா இல்லையா என்பது கடைக்காரர் விருப்பம். வாங்குபவர் 21 வயதுக்குக் கீழ் என்றால் விசாரணை இன்னும் நீளும். பரிவர்த்தனை எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மறுப்பு வந்தால் மேல்முறையீட்டுக்கு அது வேண்டும். ஒவ்வொரு முறையும் தாமதமாகிறவர்கள் எஃப்.பி.ஐ.யிடம் தன்விருப்ப மேல்முறையீட்டுக் கோப்பில் பதிந்து, தனி எண் ஒன்றைப் பெறலாம். படிவத்திலுள்ள வரிசை எண்ணும் துப்பாக்கியிலுள்ளதும் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

இதெல்லாம் டெக்சாஸ் நிலவரம். கலிபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி, இல்லினாய், வாஷிங்டன், மேரிலாந்து, மாசசூசெட்ஸ், கனெக்டிகட், டெலவேர் போன்ற மாநிலங்களில் இந்த வகைத் துப்பாக்கிக்குத் தடையோ கடும் கட்டுப்பாடோ உண்டு. வேலை மாற்றலாகி அங்கே போகும்போது இதையும் கையோடு எடுத்துப்போகலாம் என்று நினைத்துவிடாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் அலமாரியில் வைத்துவிடுவது பலரும் செய்யும் தவறு. வீட்டில் பயன்படுத்தப்போகும் அதே தோட்டா, அதே மேகசின் கொண்டு ரேஞ்சில் குறைந்தது 300 தோட்டாவாவது சுட்டுப் பாருங்கள். பயிற்சித் தோட்டாவே ஒன்று சுமார் அரை டாலர் ஆகும். இந்தச் செலவைத் துப்பாக்கி விலையோடு முதலிலேயே சேர்த்துக் கணக்கிடுங்கள். மேகசின்களுக்கு மார்க்கரில் எண் போட்டால், தோட்டா சிக்கும்போது எது குற்றவாளி என்று தெரியும். .300 பிளாக்கவுட் என்ற வேறு வகைத் தோட்டாவை ஒருபோதும் இதே பையில் கலக்காதீர்கள். அது 5.56 மேகசினில் அப்படியே உட்காரும், சேம்பரில்கூட நுழைந்துவிடலாம். சுட்டால் துப்பாக்கி கையிலேயே வெடிக்கும்.

வீட்டுக்குள் இரண்டு உண்மைகள் உண்டு. அமெரிக்க வீட்டுச் சுவர் அரை அங்குல ஜிப்சம் பலகைதான். எந்தத் தோட்டாவும் அதைத் துளைத்துப் பிள்ளைகள் அறைவரை போகும். எந்தச் சுவருக்குப் பின்னால் யார் படுத்திருக்கிறார்கள் என்பதைப் பகலிலேயே நடந்து பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது வெளிச்சம். ரைபிளில் நல்ல விளக்கு அவசியம், கையில் தனி டார்ச்சும் வேண்டும். இருட்டில் நடமாடுவது தண்ணீர் குடிக்க எழுந்த மாமனாராகவும் இருக்கலாம். காதுக்கவசத்தை அருகிலேயே வையுங்கள்; இந்தத் துப்பாக்கியின் ஓசை 160 டெசிபலைத் தொடும், மூடிய அறையில் ஒரு சுடுதலே செவியைக் கெடுக்கும்.

எண் அழுத்தித் திறக்கும் பெட்டகத்தைத் தரையிலோ சுவர்க் கட்டையிலோ போல்ட் போட்டு இறுக்குங்கள். டெக்சாஸில் 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை கைக்குக் குண்டு நிரப்பிய துப்பாக்கி எட்டும்படி விட்டு, அது பிள்ளை கையில் கிடைத்தால் குற்றம். அமெரிக்காவில் துப்பாக்கிச் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலைகள். வீட்டில் யாராவது மனச்சோர்வில் இருந்தால் வாங்கும் யோசனையையே தள்ளிப்போடுங்கள். வாங்கியாகிவிட்டது என்றால் வெளியே பாதுகாப்பாக ஒப்படைத்துவிடுங்கள். 988 என்ற தற்கொலைத் தடுப்பு எண்ணில் எந்நேரமும் உதவி கிடைக்கும்.

ரேஞ்சுக்கு எடுத்துப்போகும் பையை ஊருக்குப் போகும் பயணத்துக்கு ஒருபோதும் எடுக்காதீர்கள். பை மடிப்பில் ஒதுங்கிய ஒற்றைத் தோட்டா சென்னை விமான நிலைய ஸ்கேனரில் சிக்கினால் இந்திய ஆயுதச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதியலாம். பயணம் நிற்கும், கோர்ட்டுக்கும் அலைய வேண்டியிருக்கும். அந்தப் பைக்கு வேறு நிறம், வேறு அலமாரி. வீட்டில் எல்லாருக்கும் அது தெரிந்திருக்கட்டும், ஏனென்றால் ஊருக்குப் போகும் அவசரத்தில் பெட்டி அடுக்குவது பெரும்பாலும் இன்னொருவர்.