வலைப்பந்தாட்ட அக்காமாரிடம் பழகிய கூடைப்பந்தாட்டம்

கல்லூரியின் கூடைப்பந்தாட்ட அணியில் எனக்கு இடம் கிடைத்ததற்குப் பயிற்றுநருக்கு அடுத்தபடியாக நான் கடமைப்பட்டிருப்பது எங்கள் வலைப்பந்தாட்ட அக்காமாருக்கு. பின்னேரங்களில் எங்கள் முறை வரும்வரை அவர்களுடைய பயிற்சியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வலைப்பந்தாட்டத்தில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. கைக்கு வந்த பந்து 3 செக்கனுக்குள் கைமாற வேண்டும். ஆகவே ஓட்டமெல்லாம் பந்து இல்லாதவர்களுடையது. சென்டராக, அதாவது நடு இடத்தில், ஆடிய அக்கா ஒரு பக்கம் இரண்டு எட்டு வைப்பார். காப்பவர் அந்தப் பக்கம் சாய்ந்ததும் சட்டென்று மறுபக்கம் வெட்டி ஓடுவார். அவர் போய்ச் சேரும் இடத்துக்குப் பந்தும் வந்து சேரும். எறிபவரும் ஓடுபவரும் ஒருவரையொருவர் கூப்பிட்டதே இல்லை. எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

பையன்கள் நாங்களோ பந்து கிடைத்தால் தட்டிக்கொண்டே வளையத்தை நோக்கிப் பாய்வோம். மற்ற நால்வரும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அக்காமாரைப் பார்த்து, பந்தைக் கொடுத்த கையோடு வெற்றிடம் தேடி ஓடப் பழகினேன். உயரம் குறைந்த எனக்கும் தனியே நின்று பந்து வாங்க முடிந்தது.

எறிதலும் அவர்களிடம் பழகியதுதான். இரண்டு ஆட்டங்களிலும் வளையம் 10 அடி உயரம். ஆனால் வலைப்பந்தாட்ட வளையம் சிறியது, பின்பலகையும் கிடையாது. பலகையில் பட்டுத் தெறித்து விழும் என்ற நம்பிக்கைக்கு அங்கே இடமில்லை. பந்தை உயர எழுப்பி மேலிருந்து இறக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்துப் புன்னாலைக்கட்டுவனைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம் ஆடிய இலங்கை வலைப்பந்தாட்ட அணி 2018இல் சிங்கப்பூரில் ஆசியக் கிண்ணத்தை வென்றபோது, எல்லோரும் அவருடைய 6 அடி 10 அங்குல உயரத்தைப் பற்றியே பேசினார்கள். நான் பார்ப்பது அவர் கால்களை. பந்து வருமுன்பே காப்பவரை முதுகுப்பக்கம் நிறுத்தி இடத்தைப் பிடித்துவிடுவார். நான் பழக்கும் பையன்களுக்கு அவருடைய காணொளிகளைத்தான் முதலில் காட்டுகிறேன்.

அன்றைய அணியின் அக்காமார் சிலர் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருப்பதாக அறிகிறேன். யாராவது இதை வாசித்தால் எனக்கு எழுதுங்கள். கூப்பிடாமலே பந்து எங்கே வரும் என்று எப்படித் தெரிந்துகொண்டீர்கள் என்பதை உங்களிடம் கேட்க வேண்டும்.